கையெழுத்துக்கு இம்போசிஷன் மருந்தல்ல: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைத் திறந்தால் கோழி கிளறியது போல எழுத்து. வீட்டில் உடனே வரும் தீர்ப்பு, “உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுது.” ஆக்குபேஷனல் தெரபியில் (அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை வளர்க்கும் சிகிச்சை) கையெழுத்துக்காக வரும் பிள்ளைகளில் பலர் இந்தப் பத்துப் பக்கங்களைத் தாண்டி வந்தவர்கள்தான். கை சோர்ந்த பிறகு எழுதப்படும் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட மோசமாக இருக்கும். தவறான சுழியை நூறு முறை எழுதினால் அந்தத் தவறுதான் கைக்குப் பழகும். ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து, ஒவ்வொன்றும் ஐந்து முறை போதும். ஐந்தில் எது நன்றாக வந்திருக்கிறது என்று பிள்ளையையே வட்டமிடச் சொல்லிவிட்டு நோட்டை மூடிவிடலாம். மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையே (2020) இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது.

எழுத்தைத் திருத்தும் முன், பிள்ளை எழுதும்போது பக்கவாட்டில் நின்று ஐந்து நிமிடம் பேசாமல் பாருங்கள். நோட்டைப் பார்க்க வேண்டாம். பாதத்திலிருந்து தொடங்குங்கள்.

சாப்பாட்டு மேசை பெரியவர்கள் அளவுக்குச் செய்தது, சுமார் 75 செ.மீ. உயரம். ஏழு வயதுப் பிள்ளை அதில் எழுத உட்கார்ந்தால் கால் தொங்கும், தோள் காது வரை ஏறும். கால் ஊன்றாத உடம்பு விழாமல் இருப்பதற்கே பாதிக் கவனத்தைச் செலவழிக்கும். மீதிதான் விரலுக்கு. பாதம் முழுதாகப் பதிய வேண்டும், முழங்காலும் இடுப்பும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும், முழங்கையை மடக்கினால் மேசைப் பரப்பு அதற்கு 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும். புது மேசை வாங்கத் தேவையில்லை. உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தை, முதுகுக்குப் பின்னால் தலையணை, காலடியில் முக்காலியோ இறுக்கிக் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டோ வைத்தால் சரியாகிவிடும்.

தரையில் சம்மணமிட்டு எழுதுவதில் தவறில்லை. நோட்டை மடியிலோ தரையிலோ வைத்துக் குனிவதுதான் தவறு. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை மேசையின் சாய்வு வெறும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சாய்ந்த பரப்பில் மணிக்கட்டு சற்றுப் பின்பக்கம் மடங்கி நிற்கும், விரல்கள் தாமாக வளையும், கழுத்து நிமிரும். அந்த மேசை இல்லாத வீட்டில் 7.5 செ.மீ. முதுகுள்ள பெரிய ஆபீஸ் ஃபைல் ஒன்றை, தடித்த பக்கம் எதிர்ப்புறம் இருக்கும்படி படுக்க வைத்தால் ஏறக்குறைய 15 டிகிரிச் சாய்வு கிடைத்துவிடும். வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள்.

நோட்டை நேராக வை என்று அதட்டுவது இன்னொரு பழக்கம். யாருக்கும் முன்கை நேராக மேலே போவதில்லை, சாய்வாகத்தான் நகரும். நோட்டும் அந்தச் சாய்வுக்கு ஒத்துப்போக வேண்டும். வலக்கைக்காரருக்கு நோட்டின் மேற்பகுதி இடப்பக்கம் 20–30 டிகிரி சாயலாம். இடக்கைக்காரருக்கு மேற்பகுதி வலப்பக்கம் 30–45 டிகிரி சாய வேண்டும், நோட்டும் உடம்பின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். அப்படி வைக்காவிட்டால் எழுதியதைத் தன் கையே மறைப்பதால் பிள்ளை மணிக்கட்டைக் கொக்கி போல வளைத்து எழுதப் பழகும். பிறகு அதை நிமிர்த்துவது பெரும்பாடு. இடக்கைப் பிள்ளையிடம், பென்சில் முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். பெஞ்சின் இடது ஓரத்தில் இடம் கேட்டு வாங்குங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாது. இடக்கையை வலக்கையாக மாற்றும் முயற்சி மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிடிப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்த பிடிப்பு ஒன்றே சரியானது என்ற எண்ணம் பழையது. நான்கு விரல் பிடிப்பிலும், கட்டைவிரல் குறுக்கே சாய்ந்த பிடிப்பிலும் அதே வேகத்தில், அதே தெளிவோடு எழுத முடியும். கவனிக்க வேண்டியவை வேறு: முழுக் கையால் குத்திப் பிடிப்பது, விரல் அசையாமல் முழங்கையே எழுதுவது, நகம் வெளுக்கும் அளவு இறுக்குவது, கை வலிக்கிறது என்று பிள்ளையே சொல்வது. ஏழு வயதுக்கு மேல், வலியும் தாமதமும் இல்லாத பிடிப்பை மாற்றப் போகாதீர்கள்.

கடையில் கிடைக்கும் ரப்பர் கிரிப்பை வாங்கி மாட்டிவிடுவதும் அப்படித்தான். சில கிரிப்புகளில் இடக்கை, வலக்கை பேதம் உண்டு. தலைகீழாக மாட்டினால் விரல் தவறான குழியில் பழகும். அதைவிடப் பலன் தருவது 5 செ.மீ. நீளமுள்ள துண்டுப் பென்சில். அதைக் கைக்குள் பொத்திப் பிடிக்க இடமே இல்லாததால் விரல் நுனிகள்தான் வேலை செய்தாக வேண்டும். பலப்பத் துண்டும் சிலேட்டும் இன்னும் நல்லது, சிலேட்டின் சொரசொரப்பு கோடு போகும் திசையை விரலுக்கு உணர்த்தும். (பலப்பத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.)

அழுத்தி எழுதும் பிள்ளையிடம் “மெதுவா எழுது” என்றால் ஒன்றும் நடக்காது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். இரண்டு வெள்ளைத்தாளுக்கு நடுவே கார்பன் தாளை வைத்து, முதலில் அடித்தாளில் கறுப்பாக விழும்படி எழுதச் சொல்லுங்கள், பிறகு அடியில் எழுத்தே விழாதபடி. இரண்டையும் மாறி மாறிச் செய்யும்போது வித்தியாசம் கைக்குப் பிடிபடும். ஸ்பாஞ்சுத் தாளின்மேல் எழுதச் சொன்னாலும் அழுத்தினால் தாள் ஓட்டையாகி, தானே காட்டிக்கொடுக்கும். நேர்மாறாக, மங்கலாக எழுதும் பிள்ளைக்கு 2பி பென்சில் கொடுத்துப் பாருங்கள்.

விரலுக்கு வலு வேண்டும் என்று ஸ்மைலி பந்தை அமுக்கச் சொல்பவர்கள் உண்டு. அது முழுக் கையையும் ஒன்றாக மூட வைக்கும் வேலை. எழுத்துக்கு வேண்டியது, சுண்டுவிரல் பக்கம் அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கம் மட்டும் நுணுக்கமாக நகரும் திறமை. இதற்குப் பல்லாங்குழியை மிஞ்ச எந்தப் பொம்மையும் இல்லை. உள்ளங்கையில் சோழியை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிப் போடும் அந்த அசைவைத்தான் தெரபி அறையிலும் காசு, மணி வைத்துப் பழக்குகிறோம். ஒரே கையால் போட வேண்டும், இன்னொரு கை உதவக் கூடாது. கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அளவாக விடுவது, பட்டாணி உரிப்பது, பூத் தொடுப்பது, துணிக் கிளிப்பைத் திறந்து கொடியில் மாட்டுவது எல்லாம் இதே வகை. நாளுக்குப் பத்து நிமிடம். தோளுக்கு, கதவில் செய்தித்தாளை ஒட்டி, கண் மட்டத்தில் நின்றபடி வரைய விடுங்கள்.

எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலும் பிழை நடக்கிறது. “அ” முதல் எழுத்து, ஆனால் எளிய எழுத்து இல்லை. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெடுங்கோடு எல்லாம் அதில் உண்டு. ட, ப, ம என்று நேர்கோட்டில் தொடங்கும் எழுத்துகளிலிருந்து போனால், முதலில் கற்ற அசைவின்மேல் அடுத்தது ஏறிக்கொள்ளும். சாய்கோட்டையும் பெருக்கல் குறியையும் பார்த்து வரைய முடியாத குழந்தைக்கு எழுத்தே இன்னும் சீக்கிரம். பல பிள்ளைகளுக்கு இது ஐந்து வயதை ஒட்டித்தான் வரும், எல்.கே.ஜி.யில் வராததில் அதிசயம் இல்லை. புள்ளி எழுத்தின்மேல் எழுதும் புத்தகங்களை அளவாகக் கொடுங்கள். புள்ளிக்குப் புள்ளி இணைப்பதிலேயே கண் நிற்பதால், எங்கே தொடங்கி எப்படிச் சுழிப்பது என்பது மனதில் பதியாது. நீங்கள் ஒருமுறை எழுதிக் காட்டுங்கள், அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பி, டி சின்ன எழுத்துகளைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை பரவலாகக் காண்பதுதான்.

அசையாமல் உட்கார வைப்பதும் கணக்கு தப்பும் இடம். பள்ளி விட்டு வந்த பிள்ளையை நேராக மேசைக்கு இழுக்காமல், பத்து முறை சுவரைத் தள்ளி எழுவது, தண்ணீர்க் குடத்தை நகர்த்துவது, மாவு பிசைவது என்று தசைக்கு வேலை கொடுத்துவிட்டு உட்கார வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழ விடுங்கள். எழுதி முடிக்கவில்லை என்று விளையாட்டு வகுப்பைப் பறிப்பது, அடுத்த வகுப்பிலும் எழுதாமல் இருக்கத்தான் வழி செய்யும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் மட்டும் விட்டுவிட்டு எழுதினால், முதலில் கண் பரிசோதனை. பக்கத்திலுள்ள புத்தகத்தைப் பார்த்தும் தடுமாறினால் கண்ணைத் தாண்டியும் பார்க்க வேண்டும். வாயால் பத்து வரி சொல்லும் பிள்ளை தாளில் இரண்டு வரியோடு நின்றால், கை தடுக்கிறதா எழுத்துக்கூட்டல் தடுக்கிறதா என்று பிரித்தறியாமல் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது. கற்றல் குறைபாடு உறுதியானால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் (2016) தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்லச் சொல்ல எழுதுபவருக்கும் வழி வைத்திருக்கிறது.

இரண்டு மூன்று மாதம் இவற்றைச் செய்தும் மாற்றம் இல்லை, அல்லது சட்டைப் பொத்தான், கரண்டி, ஷூ லேஸ் எல்லாவற்றிலுமே சிரமம் என்றால் தெரபிஸ்டிடம் காட்ட வேண்டிய நேரம். தமிழ்நாட்டில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில் 18 வயது வரை பார்க்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடமும் விசாரிக்கலாம். போகும்போது அழகாகத் திருப்பி எழுதிய நோட்டைக் கொண்டு போகாதீர்கள். காலை முதல் பாடவேளையில் எழுதியது, மாலைக் கடைசிப் பாடவேளையில் எழுதியது, வீட்டில் எழுதியது என்று மூன்று பக்கம், அழித்த தடத்தோடு அப்படியே வேண்டும். பிள்ளை எழுதுவதைப் பக்கவாட்டில் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள், பாதமும் தெரிகிற மாதிரி.