புகார்ப் பதிவேடு திட்டம் ஆகாது: பழைய பாதாளச் சாக்கடைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பாதாளச் சாக்கடையில் நூறு வயதை நெருங்கிய குழாய்களும் உண்டு; 2011இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தபின் பதித்தவையும் உண்டு. சுட்டமண், செங்கல், வார்ப்பிரும்பு, ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) எல்லாம் கலந்து கிடக்கும் இப்படிப்பட்ட அமைப்புக்கு இருபது, முப்பது ஆண்டுத் திட்டம் போடுபவர்கள் சறுக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

புகாரையும் வயதையும் நம்புவது

அடைப்புப் புகார் பெரும்பாலும் 150, 200 மி.மீ. தெருக் குழாய்களிலிருந்துதான் வரும். எண்ணெய்ப் பிசுக்கு, துணி, நாப்கின். ஜெட்ராடிங் வண்டி வந்து அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால் அன்றைக்குத் தீர்ந்துவிடும். 900 மி.மீ. பிரதானக் குழாயைப் பற்றி யாரும் புகார் கொடுப்பதில்லை. உடையும்போது சாலையோடு சேர்ந்து உள்வாங்கும். புகார் எண்ணிக்கையை வைத்துப் பணம் ஒதுக்கினால் ஆபத்தான குழாய்க்கு ஒரு ரூபாய்கூடப் போகாது.

குழாயின் வயதும் ஏமாற்றும். நன்றாகச் சுட்ட மண் குழாயை அமிலம் தின்னாது, அதன் பலவீனமெல்லாம் மூட்டில். முப்பது வயது ஆர்.சி.சி. குழாய் அதைவிட மோசமாக இருக்கலாம். குழாயின் நிலைக்கு 1 முதல் 5 மதிப்பெண் (5 என்றால் மிக மோசம்), அது உடைந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி வரும் எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். மருத்துவமனை வாசலில், ரயில் பாதைக்கு அடியில், ஆற்றைக் கடக்கும் இடத்தில் இருக்கும் குழாய்கள் தானாக மேலே வந்துவிடும்.

இயந்திரமே இல்லாமல் கிடைக்கும் ஒரு தடயம், வாரி எடுத்த தூர். கறுத்து நாறும் சேற்றோடு வெளுத்த சுத்தமான மணலும் வந்தால், அது வீடுகளிலிருந்து வந்ததல்ல. மூட்டு திறந்திருக்கிறது, நிலத்தடி நீர் சுற்றியுள்ள மணலை இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறது. எவ்வளவு மணல் வெளியே வந்ததோ அவ்வளவு வெற்றிடம் சாலைக்கு அடியில். அந்த இடத்தை மறுபடி மறுபடி தூர்வாரி விட்டுக்கொண்டிருப்பது பள்ளத்தைப் பெரிதாக்கும் வேலை. தூர் எத்தனை லோடு என்று மட்டும் எழுதாமல், என்ன வந்தது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

வாயு அரிப்பைக் கணக்கில் எடுக்காதது

சென்னை சமதரையான ஊர். சரிவு கிடைக்காததால் குழாய்கள் ஆழமாகிக்கொண்டே போகும், நடுநடுவே உந்து நிலையம் (பம்பிங் ஸ்டேஷன்) வைத்து ஏற்ற வேண்டும். உச்ச ஓட்டத்திலாவது நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் இல்லையென்றால் கசடு அடியில் தங்கும். தங்கிய கசட்டில் பிராணவாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அது மேலே ஏறி, குழாயின் ஈரமான கூரையில் வேறு நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாக மாறும். புதுக் கான்கிரீட்டின் பி.எச். 12க்கு மேல், அரித்த இடத்தில் அது 2க்குக் கீழேயும் இறங்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் வெள்ளைக் களிம்புக்குள் இறங்குவதுபோல இறங்கும்.

உந்து நிலையத்திலிருந்து அழுத்தத்தில் வரும் உந்து குழாய் கொட்டும் முதல் இயந்திர நுழைவாயில் (மேன்ஹோல்), கழிவுநீர் உயரத்திலிருந்து விழும் இடங்கள், உந்து நிலையத்தின் சேகரிப்புக் கிணறு ஆகிய மூன்றிலும்தான் அரிப்பு முதலில் தெரியும். ஆய்வை அங்கே தொடங்குங்கள். உந்து குழாயின் மேட்டுப் பகுதிகளில் காற்று வால்வு வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். காற்று தேங்கினால் அந்த இடத்தில் குழாயின் மேற்புறம் உள்ளிருந்தே அரிக்கும். நாற்றப் புகாருக்காக வாயுப்போக்கிக் குழாய்களை மூடுவது இன்னொரு வழக்கம். வாயு அதனால் ஒழியாது, உள்ளேயே அடைந்து கூரையைத் தின்னும்.

கேமரா விட்டதோடு நிறுத்துவது

தூர்வாராத குழாயில் கேமரா விட்டால் பாதி வட்டம்தான் தெரியும், அடித்தளம் தெரியாது. முதலில் ஜெட் அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதையும் கீழ்ப்பக்க நுழைவாயிலிலிருந்து மேல்நோக்கி விட வேண்டும். அப்போதுதான் கசடு திரும்பி வந்து அள்ளக் கிடைக்கும். பழைய செங்கல் சாக்கடையில் அதே அழுத்தத்தில் அடித்தால் சாந்து பெயர்ந்துவிடும்.

ஒப்பந்ததாரர் தரும் ஹார்ட் டிஸ்க் அலமாரியில் தூங்குவது பரவலான வியாதி. ஒவ்வொரு பழுதும் எந்த நுழைவாயிலிலிருந்து எத்தனை மீட்டரில், குழாயின் வட்டத்தைக் கடிகாரமாக வைத்தால் எத்தனை மணி நிலையில் என்பதோடு வரைபடத்தில் ஏற வேண்டும். நிலை மதிப்பெண் 5 என்றால் உடனே சரிசெய்ய வேண்டும். 4 என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்குள். 1, 2 என்றால் பத்து, பதினைந்து ஆண்டு கழித்து மறுபடி கேமரா போதும்.

குழாய்க்குள் ரெசின் உறை போடும் முறை நல்லதுதான், ஆனால் தொய்ந்துபோன குழாயை அது நிமிர்த்தாது. உள்ளே நீர் தேங்கிய பள்ளம் அப்படியே இருக்கும். வீட்டு இணைப்புகளின் வாயை உறை மூடிவிடும்; அவற்றை முன்கூட்டியே குறித்து வைத்துத் திறக்காவிட்டால் கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பும்.

மழைநீரும் சாலையும்

மொட்டைமாடி நீரைச் சாக்கடையில் விடுவது எவ்வளவு என்பதை அறிய, உந்து நிலையத்துப் பம்ப் ஓடிய மணிநேரக் குறிப்பு போதும். கோடை மாதத்தையும் வடகிழக்குப் பருவமழை மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடையிலும் விடிகாலை 2 முதல் 4 மணிவரை ஓட்டம் குறையவில்லையா? அது பெரும்பாலும் கசிந்து வரும் நிலத்தடி நீர். இதைக் கணக்கெடுக்காமல் பெரிய குழாய் பதித்தால், மழைநீரைச் சுத்திகரிக்கச் செலவழிக்கிறோம்.

தார் போடும் பிரிவோடு பேசாமல் இருந்தால் நுழைவாயில் மூடிகள் சாலைக்கு அடியில் போய்விடும். அவசரத்தில் தேடித் தோண்டுவது தனிச் செலவு.

ஆள் இறங்கினால்தான் நடக்கும் திட்டம்

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013 சட்டம், பாதுகாப்பு ஏற்பாடின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவதையும் தடுக்கிறது. சாக்கடையில் உயிரிழந்தால் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றும், 2023இல் 30 லட்சம் ரூபாய் என்றும் சொல்லியிருக்கிறது. இருந்தும் பெரிய வண்டி நுழையாத சந்துகளுக்குத் திட்டத்தில் ஒன்றுமே இருக்காது. கடைசியில் அங்கேதான் ஆள் இறங்குகிறார். வண்டி வாங்கும் முன் தெருவின் அகலத்தைப் பட்டியலிட்டு, சந்துகளுக்குச் சிறிய தூர்வாரும் வண்டிகள் எத்தனை வேண்டும் என்று எண்ணுங்கள். அவற்றின் ஹோஸ், நாசில் மாற்றும் செலவையும் ஆண்டுப் பராமரிப்புக் கணக்கிலேயே சேருங்கள். வாங்க மூலதன நிதி கிடைக்கும், ஓட்டப் பணம் இருக்காது என்பதால்தான் பல வண்டிகள் டெப்போவில் நிற்கின்றன.