சூப்பர்கிராஸில் டூ ஸ்ட்ரோக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டேடியத்துக்குள் மண் கொட்டி அமைத்த தடத்தில் நடக்கும் மோட்டார்சைக்கிள் பந்தயம்தான் சூப்பர்கிராஸ். அதன் ரசிகர்கள் கூடினால் பேச்சு சீக்கிரமே இந்தச் சண்டைக்கு வந்துவிடும்: டூ ஸ்ட்ரோக் சிறந்ததா, ஃபோர் ஸ்ட்ரோக் சிறந்ததா? இரண்டு பக்கமும் ஆவேசமாகப் பேசுவார்கள், இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிடுவார்கள். அதுதான் விதிப்புத்தகம். எந்த இன்ஜினுக்கு எவ்வளவு சிசி அனுமதி என்பதைப் பார்க்காமல் எது வென்றது என்று பேசுவதில் அர்த்தமே இல்லை.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு முறை எரிப்பு நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆகவே பந்தய இன்ஜின்களில் ஒரே சிசியை எடுத்துக்கொண்டால் டூ ஸ்ட்ரோக்கின் கைதான் ஓங்கும். இதை ஈடுகட்டத்தான் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கமான ஏ.எம்.ஏ.வின் விதிகள் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கூடுதல் சிசி கொடுத்தன. பெரிய பிரிவில் 250 சிசி டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரே 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். சின்னப் பிரிவில் 125க்கு எதிரே 250, அதாவது சரியாக இரண்டு மடங்கு. "ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது, டூ ஸ்ட்ரோக் தோற்றது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஈடு தாராளமாகவே போய்விட்டது. அதிலும் சின்னப் பிரிவில் 125 டூ ஸ்ட்ரோக்குக்கு நியாயமான வாய்ப்பே இல்லாமல் போனது. அது தொழில்நுட்பத்தின் தோல்வி என்பதைவிட விதியின் விளைவு என்பதுதான் சரி.

அடுத்த தவறு, மாற்றம் ஒரே நாளில் நடந்துவிட்டது என்று நினைப்பது. 1997 பருவத்தின் கடைசிச் சுற்றில், லாஸ் வேகாஸில், டக் ஹென்றி என்ற வீரர் யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் சோதனை வண்டியில் வென்றார். மறு ஆண்டே அதன் விற்பனை வடிவமான ஒய்.இசட்.400எஃப் கடைக்கு வந்தது. அதே 1998இல் ஹென்றி வெளிப்புற மோட்டோகிராஸில் 250 பிரிவுப் பட்டத்தையும் எடுத்தார் (அப்போது பெரிய பிரிவின் பெயர் அதுதான்). கதை அத்தோடு முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். முடியவில்லை. 2004 சூப்பர்கிராஸ் பட்டத்தை சாட் ரீட் வென்றது யமஹாவின் 250 டூ ஸ்ட்ரோக்கில். 2005இல் ரிக்கி கார்மைக்கேல் வென்றது சுசுகி ஆர்.எம்.250இல், அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். பெரிய பிரிவில் டூ ஸ்ட்ரோக் எடுத்த கடைசிப் பட்டம் அது. லாஸ் வேகாஸ் வெற்றிக்கும் அந்தப் பட்டத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள்.

ஸ்டேடியத்துக்குள் டூ ஸ்ட்ரோக் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் தடம். வளைவுகள் நெருக்கம், நேர்ப்பாதைகள் குட்டை, குதிப்புக்கும் குதிப்புக்கும் இடையே மூச்சு விட நேரமில்லை. அங்கே எடை குறைந்த, சட்டென்று சீறும் வண்டிக்கு மதிப்பு அதிகம். நீண்ட ஏற்றங்களும் ஆழமான மண்ணும் உள்ள வெளிப்புறத் தடங்களில் ஃபோர் ஸ்ட்ரோக்கின் இழுவை அதற்கு முன்பே மேலோங்கிவிட்டது. அங்கேயும் 2004இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 125 டூ ஸ்ட்ரோக் கவாஸாகியில் சின்னப் பிரிவுப் பட்டம் வென்றார் என்பதை மறக்கக் கூடாது. ஓட்டுபவரைக் கணக்கில் சேர்க்காத எந்த ஒப்பீடும் அரைகுறைதான்.

டூ ஸ்ட்ரோக்கைச் சூப்பர்கிராஸில் தடை செய்துவிட்டார்கள் என்ற பேச்சும் உண்மையில்லை. இன்று 450 பிரிவு எனப்படும் பெரிய பிரிவில் 250 சிசி டூ ஸ்ட்ரோக்கை விதி இன்னும் அனுமதிக்கிறது. தயாரிப்பாளர்களின் பணமும் ஆய்வும் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் போய்விட்டதால்தான் பெரிய அணிகள் அதைக் கொண்டுவருவதில்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அதை விரட்டியது என்பதும் பாதி உண்மைதான். பந்தயத்துக்கென்றே விற்கப்படும் வண்டிகளுக்கு அமெரிக்காவில் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. சட்டம் தயாரிப்பாளர்களின் மனப்போக்கை மாற்றியிருக்கலாம், தொடக்கக் கோட்டிலிருந்து வண்டியை அகற்றவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: சின்னப் பிரிவான தொழில்முறை 250 பிரிவில் 250 டூ ஸ்ட்ரோக்குக்கு இடமில்லை. அமெச்சூர் பந்தயங்களில் விதி இடத்துக்கு இடம் மாறும். பெயர் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

சரி, ஓட்டும் விஷயத்துக்கு வருவோம். ஆட்களுக்கு அடிபடுவது இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழகியவர் டூ ஸ்ட்ரோக்கில் ஏறினால் முதலில் ஏமாற்றுவது இன்ஜின் பிரேக்கிங். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலரேட்டரை மூடினாலே வண்டி பின்னால் இழுபடும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த இழுப்பு மிகக் குறைவு, வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். வளைவுக்குள் நினைத்ததைவிட வேகமாக நுழைந்து, வெளிக்கரையைத் தாண்டிப் போய்விடுவார்கள். பிரேக்கை முன்கூட்டியே, இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். வளைவிலிருந்து வெளியேறும்போது அடுத்த தவறு: ஃபோர் ஸ்ட்ரோக்கில் செய்வதுபோல ஒரு கியர் மேலே வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுவது. டூ ஸ்ட்ரோக்கின் பலம் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் வளைவை ஒட்டி வரும் டிரிபிளை, அதாவது ஒரே தாவலில் தாண்ட வேண்டிய மூன்று மேடுகளை, தாண்ட வேகம் போதாது. கியரைக் குறைத்து, கிளட்சை ஒரு விரலால் லேசாக வழுக்கவிட்டு, இன்ஜினை அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்கிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறுகிறவர் செய்யும் தவறு இன்னும் ஆபத்தானது. அவர் குதிப்பின் முகட்டில் பயந்து ஆக்ஸிலரேட்டரைப் பட்டென்று மூடுவார். டூ ஸ்ட்ரோக்கில் அது பல நேரம் மன்னிக்கப்பட்டுவிடும். 450 ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், முன்பக்கம் தலைகுப்புறக் கவிழும். முகடு தாண்டும்வரை ஆக்ஸிலரேட்டர் ஒரே சீராக இருக்கட்டும். வேகம் அதிகம் என்று தோன்றினால் ஏற்றம் தொடங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும். காற்றில் மூக்கு மேலே தூக்கினால் பின் பிரேக்கைத் தட்டி இறக்கலாம், ஆனால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு தட்டுங்கள், இல்லாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். ஆரம்பகால ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் அப்படி அணைந்தால் பந்தயமே போனமாதிரிதான். சூடான இன்ஜினைக் கிளப்பவே தனி ஹாட் ஸ்டார்ட் வசதி வைத்திருந்தார்கள். அப்புறம், சஸ்பென்ஷன். இன்ஜின் பிரேக்கிங்கும் கூடுதல் எடையும் ஃபோர் ஸ்ட்ரோக்கின் முன்ஃபோர்க்கை அதிகமாக அமுக்கும். ஒன்றுக்கு வைத்த அமைப்பை அப்படியே மற்றதில் வைத்தால், அடுத்தடுத்து வரும் வூப்ஸ் எனும் சிறு மேடுகளில் முன்சக்கரம் இஷ்டத்துக்கு அலையும்.

புதிதாகத் தொடங்குபவர் நேராக 450 வாங்குவதையும் நான் தவறு என்றுதான் சொல்வேன். பின்சக்கரத்தில் சுமார் 50 குதிரைத்திறனைத் தாண்டும் வண்டி அது. களைத்த கை கொஞ்சம் கூடுதலாகத் திருகினாலும் நிலைமை கைமீறிவிடும்.

சத்தத்தைக் கேட்டு வேகத்தை மதிப்பிடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிவதால் அதன் அலறல் பறப்பதுபோலத் தோன்றும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் உறுமல் சோம்பலாகக் கேட்கும். உண்மையைச் சொல்வது ஸ்டாப்வாட்ச் மட்டுமே.

கடைசியாகப் பராமரிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். தெரியாதது இது: ஆயிலைக் கூட்டினால் எரிபொருள் கலவை செழிக்கும், அதாவது காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் கூடும் என்று நினைக்கிறார்கள், நடப்பது அதற்கு நேர்மாறு. பெட்ரோலும் ஆயிலும் 40க்கு 1 என்ற விகிதத்தை 32க்கு 1 ஆக்கினால் கார்புரேட்டரின் ஜெட் எனும் சிறு துளை வழியே போகும் ஒவ்வொரு துளியிலும் பெட்ரோல் குறைகிறது. கலவை சற்று மெலிகிறது. விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் சரிபார்த்தே ஆக வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஆயில் தனி என்பதையும் மறக்க வேண்டாம்.

"டூ ஸ்ட்ரோக்தான் செலவு வைக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆயில் மாற்றினால் போதும்" என்ற நம்பிக்கை சாலை வண்டிகளிலிருந்து வந்தது, பந்தய வண்டிக்குப் பொருந்தாது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன், ரிங் அடிக்கடி மாற்றினாலும் பாகங்கள் குறைவு, வேலை எளிது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம், டைமிங் செயின் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. ஏதாவது ஒன்று உடைந்தால் சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். ஹவர் மீட்டர் பொருத்தி, மணிக்கணக்கை எழுதி வையுங்கள். வண்டி கிளம்ப அடம்பிடிக்க ஆரம்பித்தால் முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள், அது குறைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடான ஷிம்மை ஒரு முறை மாற்றிச் சமாளிக்கலாம். அதே டைட்டானியம் வால்வு சீக்கிரமே மறுபடி இறுகினால் அதன் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு ஷிம் போட்டுச் சமாளிக்காமல் வால்வையே மாற்றிவிடுங்கள்.