எக்ஸ்-ரே அழகாக இருந்தால் போதுமா?

வேலூர்ப் பக்கம் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த புதிதில், முடிந்த வேலையைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவந்தேன். ரூட் கேனல் எக்ஸ்-ரேயில், வேருக்குள் அடைத்த பொருளின் வெள்ளைக் கோடு வேர்நுனிக்குச் சற்று முன்னே நின்றால் மனம் நிறைந்துவிடும். மாணவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்காததுதான் என் முதல் தவறு. இன்றும் நான் அதிகம் காணும் தவறு அதுதான்.

குடியாத்தத்திலிருந்து, பீடி சுற்றும் அம்மா ஒருவர் கீழ்க் கடைவாய்ப்பல் வலியோடு வந்தார். மாணவர் மரத்துப்போக ஊசி போட்டார். உதடு மரத்ததா என்று கேட்கவில்லை, பல்லில் குளிர் வைத்துச் சோதிக்கவும் இல்லை. உடனே டிரில்லைக் கையில் எடுத்துவிட்டார். எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமும் போடவில்லை. அந்த அம்மாவின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததை, வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் பார்த்தேன். கடைசியில் வந்த எக்ஸ்-ரேயில் குறையே இல்லை. அதை மட்டும் பார்த்திருந்தால் பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பேன்.

மாணவர் செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதும் இதே வகைதான். எத்தனை பல் என்று அது சொல்லும், எப்படி என்று சொல்லாது. 1990இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் திறமையை நான்கு படிகளாகப் பிரித்தார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்துகாட்டுதல், அன்றாடம் செய்தல். வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேட்பது முதல் இரண்டைத்தான். தேர்வு நாளன்று, பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நோயாளியிடம் வெளிப்படுவது மூன்றாவது. நான்காவதைக் காண, சொல்லாமல் கொள்ளாமல் ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) போய் நிற்க வேண்டும்.

ஒரே ஒரு நோயாளியை வைத்து முடிவுகட்டுவதும் ஆகாது. முன்பல்லில் கை தேர்ந்தவர் மேல் கடைவாய்ப்பல்லின் நான்காவது வேர்க் கால்வாயைத் தேடித் திணறலாம். பல வகைப் பற்கள், பல நாட்கள், ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வேண்டும். நன்றாகப் பேசும் மாணவருக்கு நம்மையறியாமல் மதிப்பெண் கூடுவதற்கும் அதுவே ஓரளவு கடிவாளம்.

மதிப்பிட்ட பிறகு “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்கு ஆகவே ஆகாது. பதினைந்து நிமிடம் நின்று பார்த்தவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசக் கூடாதா? அந்த மாணவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: ஊசி போட்டபின் கடிகாரத்தைப் பார், உதட்டைப் பற்றிக் கேள், பல்லைச் சோதி. மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஆம்பூர்ப் பாட்டி ஒருவர் வந்திருந்தார். உதடு மரத்ததா என்பதை உருதுவில் எப்படிக் கேட்பது என்று அந்த மாணவர் ஆயாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.