தாய்ப்பால் தண்ணியாகத் தெரிகிறதா?

பிரசவ விடுப்பு முடிந்து பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்குத் திரும்பும் அம்மாக்கள் பலருக்கும் இந்தக் கவலை: காலையில் பம்பில் எடுத்த பால் தண்ணியாக இருக்கிறது, சாயங்காலம் எடுத்தது கெட்டியாக இருக்கிறது. இரண்டும் நல்ல பால்தான். மார்பு நிறைந்திருக்கும்போது வரும் பாலில் கொழுப்பு குறைவு, மார்பு காலியாக ஆகக் கொழுப்பு அதிகமாகும். இரவில் இடைவெளி நீள்வதால்தான் காலைப் பால் அப்படி.

அதனால் பம்பைப் பாதியில் எடுத்துவிடாதீர்கள். சொட்டுவது நின்றபின் மார்பை மெல்ல அழுத்தி இன்னும் 2 நிமிடம் எடுங்கள். கொழுப்பு மிகுந்தது அந்தக் கடைசிப் பால். அலுவலகத்தில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது.

எடுத்த பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும். ஏப்ரல் வெயிலில் ஐஸ் பேக் கட்டாயம். கொழுப்பு பாட்டிலின் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் வைத்து, மெல்லச் சுழற்றிக் கலந்து கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுடும்.

சாப்பாடு? பூண்டு தாய்க்கு நல்ல உணவு, ஆனால் பாலின் கால்சியமோ இரும்போ அதனால் அதிகமாகாது. உணவால் மாறுவது கொழுப்பின் வகை, வைட்டமின் பி12, அயோடின். மத்தி மீன் பாலில் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டும். சுத்த சைவமென்றால் பி12 அளவை டாக்டரிடம் அவசியம் பாருங்கள்; தாய்க்குக் குறைந்தால் குழந்தையின் நரம்பு வளர்ச்சியே பாதிக்கும். வைட்டமின் டி பாலில் எப்போதும் குறைவு, குழந்தைக்குத் தினம் 400 ஐ.யு. சொட்டு மருந்து தேவை.