க்வாட் பைக் கிளம்பாதபோது செய்யக்கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீடுகளில், தோப்பைச் சுற்றிவர வாங்கிப்போட்ட நான்கு சக்கர க்வாட் பைக்குக்கு ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். உறையை எடுத்ததும் செல்ஃப் பட்டனை அழுத்துகிறோம், கிளம்பவில்லை. விடாமல் அழுத்துகிறோம். முதல் தவறு அதுதான். ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும், பேட்டரி இறங்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே அரை நிமிடமாவது விடுங்கள்.

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்பதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. இன்ஜின் சுற்றவே இல்லை என்றால் கோளாறு மின்சாரப் பக்கம். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல், காற்று, பிளக். இதைப் பிரிக்காமல் பிளக்கையும் பேட்டரியையும் ஒன்றாக மாற்றுவது காசுக்குக் கேடு.

சுற்றவில்லை என்றால், ஸ்பேனர் எடுக்குமுன், இன்ஜினை உடனே அணைக்கும் கில் ஸ்விட்சைப் பாருங்கள், பிள்ளைகள் தட்டிவிட்டிருப்பார்கள். பல மாடல்களில் கியர் நியூட்ரலில் இல்லாவிட்டாலோ பிரேக் பிடிக்காவிட்டாலோ செல்ஃப் எடுக்காது. அடுத்தது பேட்டரி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரில் 12 காட்டினாலே போதும் என்று நினைப்பார்கள். 12 என்பது ஏறக்குறைய காலி. செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். 10-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி போய்விட்டது. அளவு சரியாக இருந்தும் 'டக்' சத்தம் மட்டும் வந்தால், டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியைச் சுரண்டி இறுக்குங்கள். அதற்குப் பிறகே, செல்ஃபுக்கு மின்சாரம் விடும் ரிலேயைச் சந்தேகிக்கலாம். காரிலிருந்து கேபிள் போடுவதானால் கார் இன்ஜின் ஓடக்கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா என்றால், பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியில் வேர்வைதான் மிச்சம்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் முதலில் டேங்கிலிருந்து பெட்ரோலை விடும் காக் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழைய பெட்ரோலைச் சந்தேகியுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் நீரோடு பிரிந்து அடியில் தங்கும். மூன்று மாதம் நின்ற பெட்ரோலின் மேல் புதிதாக ஒரு லிட்டர் ஊற்றுவதால் அடியில் கிடப்பது போய்விடாது. கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தாலோ கலங்கி வந்தாலோ டேங்கையே வடித்துவிடுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளைதான் ஜெட், அது அடைத்தால் ஊக்காலோ கம்பியாலோ குத்தாதீர்கள். துளை பெரிதானால் அதன் பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவி போட்டதும் பம்ப் இரண்டு விநாடி ரீங்கரிக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸ்.

அடுத்த தவறு, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக். சித்திரை வெயிலில் காயும் ஊரில் சோக் அபூர்வமாகத்தான் தேவை. முழுக்க இழுத்து அடித்தால் பிளக் பெட்ரோலில் நனையும். இழுத்த சோக்கைப் பழைய நிலைக்கே தள்ளிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்து ஐந்து விநாடி சுற்றுங்கள். இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிக் காயவையுங்கள். பிளக் முனையில் பொறி தாவும் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர், சரியான அளவு கையேட்டில் இருக்கும். பொறி பார்க்கும்போது பிளக் துளைக்கு அருகில் பிடிக்காதீர்கள், வெளியே வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். செம்மண் புழுதி ஏறிய ஏர் ஃபில்டரும் இதே போலப் பெட்ரோலை மிகுதியாக்கும். அதற்காக ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் அந்தப் புழுதி பிஸ்டனை அரைத்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, கண்மாயிலோ ஊரணியிலோ இறக்கி அணைந்த வண்டியை அங்கேயே செல்ஃப் அடிப்பது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். கரைக்கு இழுத்து, பிளக்கைக் கழற்றி, இக்னிஷன் வேலை செய்யாதபடி கில் ஸ்விட்சை அணைத்து, தண்ணீர் முழுதும் வெளியேறும்வரை சுற்றுங்கள். கில் ஸ்விட்ச் அணைந்தால் செல்ஃபும் எடுக்காத மாடல்களை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. தண்ணீர் கலந்து ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் அதை மாற்றாமல் கிளப்பவே வேண்டாம்.

இவ்வளவும் பார்த்துப் பிடிபடவில்லையா? சீட்டுக்கு அடியில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.