வாசனையுள்ள தாடி எண்ணெய்: வாங்கும்போதும் தடவும்போதும் நடக்கும் தவறுகள்

சென்ட் பிடிக்கவில்லை என்றால் சட்டையை மாற்றிவிடலாம். தாடியில் தடவிய எண்ணெயிடம் அந்த வசதி இல்லை. மூக்குக்கு இரண்டு விரல் தூரத்தில், முகத்தின் தோலோடு ஒட்டிக்கொண்டு, காலையில் தடவியது மாலை வரை அங்கேயே இருக்கும். இதை யோசிக்காமல் வாங்குவதுதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு. அரிப்பு, பரு, தலைவலி, கால்வாசி மட்டும் காலியாகி அலமாரியில் கிடக்கும் பாட்டில் என்று எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பாட்டிலுக்குள் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அதில் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய்: ஜோஜோபா, ஆர்கன், பாதாம், திராட்சை விதை எண்ணெய் மாதிரி ஏதாவது ஒன்றோ அவற்றின் கலவையோ. மிச்சம் இருக்கும் சிறு பங்குதான் வாசனை. முடியை மென்மையாக்குவது, அடியில் உள்ள தோல் வறண்டு செதில் உதிராமல் காப்பது எல்லாம் அடிப்படை எண்ணெயின் வேலை. வாசனை மனதுக்காக. அதில் தப்பே இல்லை, நல்ல வாசனையோடு தொடங்கும் நாளுக்கு ஒரு தனி உற்சாகம் உண்டு. ஆனால் தோலுக்குத் தொந்தரவு வரும்போது பெரும்பாலும் காரணமாக இருப்பது அந்தச் சிறு பங்குதான். நாம் பார்த்து வாங்குவதோ அதை மட்டும்தான்.

மூடியைத் திறந்து முகர்ந்ததும் முடிவெடுப்பது

கடையில் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது சீக்கிரம் ஆவியாகும் வாசனைகள். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் (எலுமிச்சை இனத்துப் பழம்) போன்ற சிட்ரஸ் வகையெல்லாம் இப்படித்தான்: முதலில் தூக்கலாக வரும், அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் உங்களோடு இருக்கப் போவது அடியில் தங்கும் கனமான வாசனைகள்: சந்தனம், தேவதாரு, வெட்டிவேர், வெனிலா, கஸ்தூரி போன்றவை. கடையில் முகர்ந்தது ஒன்று, மதியம் உங்கள் முகத்தில் இருப்பது வேறொன்று. அதனால் ஒரு சொட்டை மணிக்கட்டில் தேய்த்துவிட்டு இரண்டு மணி நேரம் உங்கள் வேலையைப் பாருங்கள். அப்புறம் முகர்ந்து பார்த்து, அந்த வாசனையோடு சாப்பிட உட்கார முடியுமா என்று யோசியுங்கள். தாடி வாசனை ஒவ்வொரு கவளத்தோடும் கூட வரும். தித்திப்பான வெனிலாவும் புகையிலை வாசனையும் பலருக்கு இந்த இடத்தில்தான் அலுத்துப்போகின்றன.

ஒரே மூச்சில் ஏழெட்டு பாட்டில்களை முகர்வதும் வீண். நாலாவதற்குள் மூக்கு களைத்துவிடும், அதற்குப் பிறகு எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வாசனை மூக்கருகிலேயே இருந்தால் மூளை அதைச் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தடவிய கொஞ்ச நேரத்திலேயே உங்களுக்கு வாசனை தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். எண்ணெய் 'நிற்கவில்லை' என்று நினைத்து இன்னும் நாலு சொட்டு விடுகிறோம். பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும் இரண்டு தடவை தடவியதும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும். ஒற்றைத் தலைவலியோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு இது வெறும் எரிச்சலோடு நிற்காது, அன்றைய நாளையே கெடுத்துவிடும். உங்கள் தாடியின் வாசனை கட்டிப்பிடிக்கும் தூரத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தாண்டுகிறதா என்று சொல்ல உங்கள் மூக்கு லாயக்கில்லை, வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். மேலே தனியாக சென்ட் அடிக்கும் பழக்கம் இருந்தால் வாசனையே இல்லாத தாடி எண்ணெய்தான் சரி. இரண்டு நல்ல வாசனைகள் சேர்ந்து ஒரு மோசமான வாசனை ஆவது ரொம்பச் சாதாரணம்.

'இயற்கை' என்ற சொல்லை நம்பிக் கவனத்தை விடுவது

நான் அதிகம் கவலைப்படுவது இந்தத் தவறுக்குத்தான். செடியிலிருந்து எடுத்த வாசனை எண்ணெய் என்றால் பயமில்லை என்று பலரும் உண்மையாகவே நம்புகிறார்கள். லவங்கப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைடு, கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் இரண்டும் இயற்கையானவைதான். இரண்டுமே தோலை எரிக்கக் கூடியவை, ஒவ்வாமையையும் உண்டாக்கக் கூடியவை. அழுத்திப் பிழிந்து எடுக்கும் பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களில் இன்னொரு ஆபத்து. அவற்றில் உள்ள ஃபியூரோகூமரின் என்ற சேர்மங்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருத்த திட்டும் வரலாம். வாசனைப் பொருள் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா, கழுவாமல் தோலில் விடும் பொருட்களில் பிழிந்தெடுத்த பெர்கமாட் எண்ணெய்க்கு 0.4 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருப்பது இதனால்தான். ஃபியூரோகூமரின் நீக்கிய பெர்கமாட்டும் கிடைக்கிறது. வெயிலில் அலைபவர்கள் அதையோ, சிட்ரஸே இல்லாததையோ எடுப்பது நல்லது.

பாட்டில் பழசாகும்போதும் கதை மாறும். லேவண்டரில் நிறைய உள்ள லினலூல், ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனின் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு சிக்கல் இல்லை. காற்றுப் பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகு அவை ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களாக மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபிளில் தனித்தனியாகப் போட வேண்டும் என்று விதி வைத்திருந்தது. கழுவாமல் விடும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே போட வேண்டும். 2023இல் அந்தப் பட்டியலை 80க்கும் மேலாக விரித்தார்கள். நல்ல லேபிளின் கடைசி வரிகளில் லிமோனின், லினலூல், ஜெரானியால், சிட்ரால், யூஜினால் என்ற பெயர்கள் வருவது இதனால்தான். அந்தப் பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். மறைக்காமல் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 'ஃப்ராக்ரன்ஸ்' என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொண்ட லேபிளை நான் குறைவாகவே நம்புவேன். அதற்குள் டஜன் கணக்கில் பொருட்கள் இருக்கலாம்.

வீட்டிலேயே கலப்பவர்கள் செய்யும் தப்பு இதைவிடப் பெரியது. வாசனை 'வரும் வரை' சொட்டுவிடுகிறார்கள். முகத்துக்கு 1 சதவீதம் என்பதே போதுமான அளவு. 30 மில்லி அடிப்படை எண்ணெய்க்கு ஏறக்குறைய 6 சொட்டு. கலந்ததும் பாட்டிலில் முகர்ந்தால் அது ரொம்ப மங்கலாகத் தெரியும். தாடியில், மூக்கின் கீழே வந்ததும் அதுவே போதும் என்று புரியும். லவங்கப்பட்டை எண்ணெயை முகத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

ஜில்லென்று இருந்தாலோ சுருசுருவென்று இருந்தாலோ எண்ணெய் 'வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். புதினாவில் உள்ள மெந்தால் தோலின் குளிர் உணர் நரம்புகளைத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். எரிச்சல் என்றால் எரிச்சல்தான். கழுவிவிடுங்கள்.

சோதித்துப் பார்க்காமல் நேராக முகத்துக்குப் போவது

ஒவ்வாமை உடனே வராது. தடவிய ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் சிவக்கும், தடிக்கும். அதனால் காலையில் கையில் தடவி மதியம் 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிவெடுப்பதில் பலனில்லை. முழங்கையின் உள்மடிப்பில் சின்ன இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாள் வரை தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள் தோல் மருத்துவர்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் வாசனைப் பொருள் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். அதே பொருள் சோப்பு, ஷாம்பு, துணி துவைக்கும் திரவம் என்று எல்லாவற்றிலும் உங்களைத் துரத்தும். அதோடு ஒப்பிட்டால் பத்து நாள் ஒன்றுமே இல்லை. 'ஆறு மாதமாக இதைத்தானே தடவுகிறேன்' என்பதும் காப்பாற்றாது. பழகிய எண்ணெய்க்கே திடீரென்று ஒவ்வாமை வருவதுண்டு.

அடிப்படை எண்ணெயைப் பார்க்காமல் விடுவது

ஜோஜோபா உண்மையில் எண்ணெய்கூட இல்லை, திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலும் கிட்டத்தட்ட கால்வாசி மெழுகு வகைதான் என்பதால் பலருடைய தோலோடு அது சுமுகமாகப் போகும், சீக்கிரம் கெட்டும் போகாது. பரு வரும் முகமானால் தேங்காய் எண்ணெய் தூக்கலாக உள்ளதைத் தவிருங்கள், துளைகளை அடைக்கலாம். விளக்கெண்ணெய் தனியாக இருந்தால் பிசுபிசுக்கும். கலவையில் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. பாதாம் எண்ணெய் வாங்கும் முன் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் கன்னத்தோடு கன்னம் வைப்பவர்களுக்கும் கொட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாடி அடர்த்தியாக வளரும் என்ற வாக்குறுதிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தாடி எங்கே, எவ்வளவு முளைக்கும் என்பதை மரபணுவும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன. எண்ணெய் இருக்கும் முடியைப் பளபளப்பாக்கும், உடையாமல் காக்கும், அதனால் கொஞ்சம் நிறைவாகத் தெரியும். புதிதாக ஒரு முடியைக்கூட முளைக்க வைக்காது.

தாடிப் பொடுகுக்கு எண்ணெயை அள்ளித் தடவுவதையும் சொல்ல வேண்டும். வெள்ளையாக, பொடியாக உதிர்ந்தால் வறட்சி, எண்ணெய் உதவும். மஞ்சளாக, பிசுக்காக, மூக்கோரத்திலும் புருவத்திலும் சிவப்போடு வந்தால் அது வேறு விஷயம். மலாசீசியா என்ற பூஞ்சைக்கு அதில் பங்கு உண்டு, அது கொழுப்பைத் தின்று வாழ்வது. பெரும்பாலான தாவர எண்ணெய்கள் அதற்குச் சாப்பாடு போட்ட மாதிரி. அங்கே தேவை பூஞ்சைக்கு எதிரான மருந்து, அதற்கு மருத்துவரைப் பாருங்கள்.

தடவும் விதத்தில்

முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, தாடி லேசான ஈரத்தோடு இருக்கும்போதுதான் எண்ணெய்க்கு நேரம். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் எண்ணெய் வழுக்கிப்போகும். காய்ந்து மொரமொரவென்று ஆன பிறகு தடவினால் இருந்த ஈரமும் போய்விட்டிருக்கும், எண்ணெய் எதைக் காக்கும்? சின்னத் தாடிக்கு இரண்டு மூன்று சொட்டு, கழுத்தைத் தாண்டிய தாடிக்கு எட்டு பத்து. உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, விரல் இடுக்கிலும் பரவவிடுங்கள். பிறகு தாடிக்குள் கீழிருந்து மேலாக விரல்களை நுழைத்து, விரல்நுனி தோலைத் தொடும்படி தாடை நெடுகத் தேயுங்கள். பெரும்பாலானோர் விடுவது இந்தப் படியைத்தான். மேலாக நீவிவிட்டு, தாடி மினுங்குகிறது என்று திருப்திப்படுகிறார்கள், அடியில் தோல் காய்ந்தே கிடக்கிறது. கையில் மிஞ்சியதை முடியின் மேற்புறத்திலும் கடைசியாக மீசையிலும் தடவுங்கள். மீசைக்கு மிச்சம் மட்டும் போதும், அது மூக்கின் வாசலிலேயே இருக்கிறது. பிறகு சீப்பால் வாரினால் எண்ணெய் சமமாகப் பரவும்.

ஓரங்களை ரேசரால் இப்போதுதான் சரிசெய்தீர்களா? அந்தப் பகுதியில் வாசனை எண்ணெய் படாமல் பாருங்கள், வெட்டுப்பட்ட தோல் எதையும் உள்ளே இழுக்கும். தாடியில் நேராக சென்ட் அடிப்பதும் வேண்டாம், அதில் உள்ள ஆல்கஹால் தோலை வறட்டும். எண்ணெய் தடவுகிறோமே என்று தாடியைக் கழுவாமல் விடுவதும் தப்பு. தூசியும் பழைய எண்ணெயும் சேர்ந்த அழுக்கை வாசனை மூடி மறைக்கும், போக்காது.

பாட்டிலை வைக்கும் இடம்

குளியலறைச் சூடும் ஜன்னல் வெயிலும் எண்ணெய்க்கு எதிரி. கறுத்த கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, நிழலான அலமாரி போதும். டிராப்பர் நுனியைத் தாடியில் தொடவிடாதீர்கள். பாட்டிலைப் படுக்க வைத்தால் டிராப்பரின் ரப்பர் எண்ணெயில் ஊறிக் கெடும். லேபிளில் திறந்த டப்பா மாதிரி ஒரு படமும் 6எம், 12எம் என்ற எழுத்தும் இருந்தால், திறந்த பிறகு அத்தனை மாதம் என்று பொருள். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவையுங்கள். வாசனை கலந்த எண்ணெயில் காறல் வாடை தாமதமாகத்தான் தெரியும், வாசனை அதை மறைத்துவிடும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் உள்ள எண்ணெய்களைத் தாடியில் தடவிக்கொண்டு தூக்கிக் கொஞ்ச வேண்டாம். பச்சிளம் குழந்தையின் மூக்கருகே அவை மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். தேயிலை மர எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு, தாடியை நக்கும் செல்லம் இருந்தால் அந்த வகையே வேண்டாம்.

தோல் வீங்கினாலோ, நீர் கசிந்தாலோ, எண்ணெயை நிறுத்தி ஒரு வாரமாகியும் சிவப்பு அடங்காவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று தோலில் ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் 'பேட்ச் டெஸ்ட்' சோதனையை அவர் அதில் உள்ள பொருட்களின் பட்டியலை வைத்துத்தான் திட்டமிடுவார்.