ஜனாதிபதியைப் பாராளுமன்றம் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது? இலங்கையில் அடிக்கடி விடப்படும் தவறுகள்

2022 மே மாதம், பெற்றோல் வரிசை. பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்ற ஒரு அண்ணன் சொன்னார்: "113 பேர் சேர்ந்து நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தா கோட்டா போகத்தானே வேணும்." கோட்டா என்றது அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். இன்றைக்கும் இதே பேச்சு காதில் விழுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

113 என்பது சபையின் 225 உறுப்பினர்களில் பாதிக்கு மேல். அந்த 113 பேர் அனுப்பக்கூடியது அரசாங்கத்தைத்தான். நம்பிக்கையில்லாப் பிரேரணை நிறைவேறினாலோ வரவு செலவுத் திட்டம் தோற்றாலோ பிரதமரும் அமைச்சரவையும் பதவி இழப்பார்கள். ஜனாதிபதி இருந்த இடத்திலேயே இருப்பார். அவர் சபையின் நம்பிக்கையில் பதவிக்கு வந்தவர் அல்ல, மக்களின் நேரடி வாக்கில் வந்தவர். அதே மே மாதம் எதிர்க்கட்சி உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் சபையில் கொண்டுவந்தது, ஜனாதிபதி மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணை. நிலையியற் கட்டளைகளை (சபையின் நடைமுறை விதிகளை) நிறுத்திவைத்து அதை உடனே விவாதிப்பதற்கான கோரிக்கை 68க்கு 119 என்று தோற்றது. வென்றிருந்தாலும் அது ஒரு கண்டனமாக இருந்திருக்குமே தவிர, பதவி நீக்கமாக ஆகியிருக்காது.

பதவி நீக்கத்துக்கு இருக்கும் ஒரே வழி அரசியலமைப்பின் 38ஆவது உறுப்புரை. பேச்சு வழக்கில் குற்றப்பிரேரணை என்கிறோம். இங்கேதான் கணக்கை அதிகம் பிழைவிடுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம். முதலில் சபாநாயகருக்கு எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். அதில் 150 பேர் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அவ்வளவு இல்லாமல் குறைந்தது 113 பேர் இட்டிருந்தால், குற்றச்சாட்டு விசாரிக்கத் தக்கது என்று சபாநாயகரும் திருப்திப்பட வேண்டும். 'நாட்டை நாசமாக்கிவிட்டார்' என்று எழுதினால் போதாது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறியது, தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு சேர்ந்த ஊழல், ஒழுக்கக்கேடான குற்றம், அல்லது உடல், மன நலக் குறைவால் நிரந்தரமாக இயங்க முடியாமை: இவற்றில் ஒன்றை விவரங்களோடு சொல்ல வேண்டும்.

அப்புறம் சபையில் வாக்கெடுப்பு, அதில் மூன்றில் இரண்டு வேண்டும். மூன்றில் இரண்டு என்றால் அன்று வந்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு அல்ல, மொத்த 225இல். இருபது பேர் வராமல் விட்டாலும் தேவை 150 தான், 137 அல்ல. வராதவர் ஒவ்வொருவரும் ஜனாதிபதிக்குச் சாதகமாக நின்றதற்குச் சமம். 150 கிடைத்தாலும் விசாரிப்பது சபை இல்லை, உயர் நீதிமன்றம். (தமிழக வாசகர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம்.) ஜனாதிபதி அங்கே தன் தரப்பைச் சொல்லலாம். குற்றம் உண்டு என்று நீதிமன்றம் அறிக்கை தந்தால்தான் விடயம் மறுபடி சபைக்கு வரும், மறுபடி 150 வேண்டும்.

இந்தப் பாதையில் இதுவரை எந்த ஜனாதிபதியும் நீக்கப்படவில்லை. 1991இல் பிரேமதாசவுக்கு எதிராக வந்தது முதல் படியிலேயே நின்றது. சபாநாயகர் எம். எச். மொஹமட் அதை முதலில் ஏற்றார், பிறகு செல்லுபடியான கையொப்பங்கள் போதாது என்று நிராகரித்தார். கோட்டாபய போனதும் சபை வாக்கெடுத்து அல்ல. சிங்கப்பூரிலிருந்து சபாநாயகருக்கு வந்த பதவி விலகல் கடிதத்தால்தான் அந்தக் கதிரை வெற்றிடமானது.

அடுத்த தவறு, மூன்றில் இரண்டு கையில் இருந்தால் ஜனாதிபதிப் பதவியையே எப்படியும் வெட்டி ஒட்டலாம் என்று நினைப்பது. 2015இல் 19ஆவது திருத்தத்தின் முதல் வரைவு ஜனாதிபதியின் சில நிறைவேற்று அதிகாரங்களைப் பிரதமருக்கு மாற்றப் பார்த்தது. உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்றது. நிறைவேற்று அதிகாரம் மக்களுடையது, மக்கள் அதை ஜனாதிபதியிடம் கொடுத்திருக்கிறார்கள், அதை இன்னொருவர் கையில் கொடுப்பதென்றால் மக்களிடமே கேட்க வேண்டும். நியாயமான வாதம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பிரிவுகளைக் கைவிட்ட பிறகே ஏப்ரல் 28ஆம் திகதி 212 வாக்குகளோடு திருத்தம் நிறைவேறியது. ஆனால் அதே திருத்தத்தில் பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்து வருடமாகக் குறைக்கவும், இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று மறுபடி கொண்டுவரவும் மூன்றில் இரண்டு போதுமாக இருந்தது. அதிகாரத்துக்கு எல்லை போடுவது வேறு, அதை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், தொலைக்காட்சி விவாதங்களில் பாதி தெளிவாகிவிடும்.

பதவிக்காலத்தை நீட்டுவதிலும் ஒரு பூட்டு இருக்கிறது. ஆறு வருடத்துக்கு மேல் என்றால் 225 பேரும் கை உயர்த்தினாலும் போதாது, சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்கிறது 83ஆவது உறுப்புரை. 2015இல் காலம் ஐந்தாகியும் இங்கே 'ஆறு' மாறாமல் கிடந்தது. அதை 'ஐந்து' ஆக்க 2024 ஜூலையில் வர்த்தமானியில் ஒரு சட்டமூலம் வந்தது. செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது அதுவும் போய்விட்டது.

கடைசியாக, காசு. சாதாரணச் சட்டத்தால் தொட முடிந்தது எது, முடியாதது எது என்பதை 2025 செப்டெம்பரில் கண்முன்னே பார்த்தோம். முன்னாள் ஜனாதிபதிகளுக்கு வீடு, வாகனம், செயலாளர் படி கொடுத்தது 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. சட்டம் கொடுத்ததைச் சட்டம் எடுக்கலாம், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றது உயர் நீதிமன்றம். 151க்கு 1 என்று அது நீக்கப்பட்டது, மறுநாளே மகிந்த ராஜபக்ச விஜேராம மாவத்தை வீட்டை விட்டுப் போனார். ஓய்வூதியத்தையும் வெட்டிவிட்டார்கள் என்று அன்று பலர் பகிர்ந்தது பிழை. அது அரசியலமைப்பின் 36ஆவது உறுப்புரையில் இருக்கிறது. பாராளுமன்றம் அதைத் தீர்மானத்தால் கூட்டலாம், குறைக்கக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது.